வளரும் பிள்ளைகளின் முதுகெலும்பு நகர்வு: கேள்வி-பதில்

கே: ஒன்பது வயது மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்தாள். எக்ஸ்ரேயில் முள்ளெலும்பு முன்னால் நகர்ந்திருக்கிறதாம். விழுந்ததுதான் காரணமா?

ப: பெரும்பாலும் இல்லை. ஒரே அடியில் நகர வேண்டுமென்றால் பெரிய விபத்தாக இருக்க வேண்டும். முன்பே இருந்தது, விழுந்த சாக்கில் கண்ணில் பட்டிருக்கும். ஊஞ்சலைக் கழற்ற வேண்டாம்.

கே: பையனுக்கு கிரேடு 1 என்று வந்திருக்கிறது. என்ன செய்வது?

ப: வயது எழுதவில்லை, வலி உண்டா என்று எழுதவில்லை, எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா என்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. கிரேடு 1 என்றால் கீழே இருக்கும் எலும்பின் அகலத்தில் கால் பங்குக்குள்தான் நகர்வு. ஆனால் 11 வயதில் அது ஒரு கதை, 19 வயதில் வேறு கதை. மளமளவென்று உயரம் கூடும் காலத்தில்தான் நகர்வும் கூடும். படுத்தபடி எடுத்த படம் நகர்வைக் குறைத்துக் காட்டலாம்.

கே: இது பிறவியிலேயே வருவதா?

ப: பலவீனம் பிறவியில் வரலாம். சிலருக்கு அடி இடுப்பின் பின்மூட்டுகள் சரியாக உருவாகாமல் பிடிமானமே இருக்காது. ஆனால் பார்ஸ் விரிசல், அதாவது முள்ளெலும்பின் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் மெல்லிய எலும்பில் விழும் விரிசல், பிறந்த குழந்தைகளிடம் இருப்பதில்லை. எழுந்து நடந்த பிறகே வருகிறது. ஆறு வயதில் நூற்றுக்கு 4 பேர், பெரியவர்களில் 6 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு வலியே இராது.

கே: புத்தகப் பை சுமப்பதால் வருமா?

ப: தோள் வலிக்கும். எலும்பு நகராது.

கே: 13 வயது மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். பின்னால் வளையும்போது இடுப்பு வலிக்கிறது. பழகினால் போய்விடும் என்கிறார் பயிற்சியாளர்.

ப: இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வலிக்கிறது. பின்னால் வளையும் ஒவ்வொரு முறையும் மேல் மூட்டும் கீழ் மூட்டும் நடுவிலிருக்கும் அந்த மெல்லிய பார்ஸ் எலும்பை நெரிக்கின்றன. ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கம்பி என்ன ஆகும்? இது முற்றாத எலும்பு வேறு. வேகப்பந்து வீச்சு, டைவிங், பளுதூக்கல் எல்லாவற்றிலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் விரிசல் விட்டுவிட்டால், சரிவான சேக்ரத்தின் (முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு) மேல் உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பு முன்னால் வழுக்கத் தொடங்கும்.

இதே வயதில் ஒரு பெண் வந்தாள். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொன்னேன். பாவாடை நாடா கட்டும் மட்டத்தில் ஒரே விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். முன்பெல்லாம் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தவள். அன்று கை முழங்காலைத் தாண்டவில்லை, தொடைப் பின்தசை அவ்வளவு இறுக்கம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் எலும்பு நொந்திருப்பது தெரிந்தது. இந்தக் கட்டத்தில் மூன்று மாதம் போல ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் எலும்பு ஆறிவிடும். அப்புறம் ஆடலாம். உங்கள் மகளின் பயிற்சியை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: அண்ணனுக்கு நகர்வு இருக்கிறது. தங்கைக்கும் எக்ஸ்ரே எடுக்கலாமா?

ப: குடும்பவாகு உண்டுதான். ஆனாலும் வலி இல்லாத பிள்ளைக்குப் படம் எதற்கு? வலித்தால் எடுங்கள், நின்றபடி.