பரண் அறை பாதியில், மாடி பாத்ரூமில் ஒழுகல்: கடன் வாங்கி மொத்தமாக முடிக்கலாமா?

கேள்வி: மேடம், எங்கள் வீட்டுச் சாய்கூரைக்குக் கீழே சும்மா கிடந்த பரணை ஓர் அறையாக மாற்றும் வேலையைப் போன வருடம் தொடங்கினோம். தரையும் படிக்கட்டும் முடிந்தன. கையிருப்பு கரைந்துவிட்டதால் சுவர், கூரையின் உட்புறம், வயரிங் எல்லாம் அப்படியே நிற்கின்றன. இதற்கிடையில் மாடி பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கி, கீழே சமையலறைக் கூரையில் ஓதம் படர்ந்திருக்கிறது. கீழ்த்தள பாத்ரூமும் பழசு, தரை வழுக்குகிறது. அதை என் மாமியார்தான் பயன்படுத்துகிறார். வீட்டுக்கடன் முடிய இன்னும் 15 வருடம் இருக்கிறது. அதன் மேலேயே 9 சதவீத வட்டியில் டாப்-அப் கடன் தருவதாக வங்கி சொல்கிறது. தனிநபர் கடன் என்றால் 13 சதவீதம். 6 மாதச் செலவுக்கான சேமிப்பு தனியே வைத்திருக்கிறோம். மொத்தமாகக் கடன் வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் கணவர் சொல்வதிலும் பாதி சரி, அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் வீட்டு வேலைகள் மூன்றும் ஒரே ரகம் இல்லை. பரண் அறை இன்னும் சில மாதம் காத்திருந்தால் மனம் சங்கடப்படும், அவ்வளவுதான். மாமியாரின் பாத்ரூமில் இன்றே செய்ய வேண்டியது கொஞ்சம். மாடி பாத்ரூம் அப்படி இல்லை. அது நாள் தள்ளத் தள்ளச் செலவை ஏற்றிக்கொண்டே போகும். காங்கிரீட்டுக்குள் ஈரம் நின்றால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துச் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளக்கும். இன்று குழாயோடோ டைல்ஸோடோ முடியக்கூடிய செலவு, அப்போது தளத்தையே தொடும். அதனால் முதல் பணம் அங்கேதான் போக வேண்டும்.

அதற்காக நாளைக்கே உடைக்கச் சொல்லிவிடாதீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் வாங்குகிற மதிப்பீடு எல்லாமே "முழுசா மாத்திடலாம்" என்றுதான் வரும். காசில்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணை எழுதி வையுங்கள். மேல்தொட்டி என்றால், தொட்டிக்குள் வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். யாரும் தண்ணீர் புழங்காமலேயே காலையில் மீட்டர் ஓடியிருந்தால், அல்லது மட்டம் இறங்கியிருந்தால், தண்ணீர் வரும் குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி (சிஸ்டர்ன்) சொட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இதே கணக்கைத்தான் காட்டும்.

எதுவும் அசையவில்லையா? சரி, அடுத்தது தரை. கீழே சமையலறையில் ஓதம் உள்ள இடத்துக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் முதலில் அதன் மின் இணைப்பை அணைத்துவிடுங்கள். பிறகு பாத்ரூம் தரையின் வடிகால் வாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். ஓதத்தின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து வைத்தால், கூடியதா இல்லையா என்று சந்தேகமே வராது. கூடினால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போயிருக்கிறது, அல்லது தரையும் வடிகாலும் சேரும் இடத்தில் பிளவு. கூடவில்லை, குளித்தால் மட்டும் ஈரம் ஏறுகிறது என்றால் ஷவர் பக்கச் சுவரையும், வடிகாலுக்குப் பிறகு ஓடும் கழிவுக்குழாயையும் சந்தேகப்படுங்கள். ஒரு இணைப்பை மாற்றுவதற்கும் முழு பாத்ரூமை உடைத்துக் கட்டுவதற்கும் இருக்கும் வித்தியாசம், உங்கள் கடன் தொகையையே மாற்றிவிடும்.

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எதில் பேரம் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும். டைல்ஸிலும் ஃபிட்டிங்கிலும் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். நீர்த்தடுப்புப் பூச்சிலும், தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடத் தரைக்குக் கொடுக்கும் வாட்டத்திலும் கை வைக்காதீர்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, அதனால்தான் மதிப்பீட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுகின்றன. கழிப்பறைக் கோப்பையை இருக்கும் இடத்திலேயே விடுங்கள். அதை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தினால் 4 அங்குலக் கழிவுக்குழாயும் கூடவே நகர வேண்டும், தளத்தைத் துளைக்க வேண்டும். பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். அதனால் மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

இப்போது உங்கள் கணவர் பக்கம். மாடி பாத்ரூமின் சுவர் திறந்திருக்கும் அந்தச் சில நாட்களில், மேலே பரணுக்குப் போக வேண்டிய குழாய்களைக் கொண்டுபோய் மூடி வைத்துவிட வேண்டும். பின்னாளில் பரணில் ஒரு வாஷ்பேசினோ சின்ன பாத்ரூமோ வேண்டும் என்ற எண்ணம் துளி இருந்தாலும் இதைச் செய்யுங்கள். புது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரை அதற்காக மறுபடி உடைப்பதைப் போல வயிறெரியும் செலவு வேறில்லை. இந்த ஒரு காரணத்துக்காக இரண்டு வேலைகளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

பரணைப் பொறுத்தவரை, கான்ட்ராக்டரிடம் மீதி வேலைகளை ஒவ்வொன்றாக, அளவோடு எழுதி வாங்குங்கள். இதுவரை கொடுத்த பணம், முடிந்த வேலையைவிட அதிகமா குறைவா என்று அப்போதுதான் தெரியும். அப்புறம் இரண்டு காகிதங்கள். சாமான் வைக்கக் கட்டிய பரண், ஆள் புழங்கும் அறையின் சுமையைத் தாங்குமா என்று பொறியாளர் ஒருவர் எழுதித் தந்தது உங்களிடம் இருக்கிறதா? கட்டட அனுமதி? உங்கள் ஊர் விதி அனுமதி கேட்டு, அது இல்லாமல் போனால், வீட்டை விற்கும்போது அந்த இடத்தை அறையாகக் கணக்கில் எடுப்பது சந்தேகம், காப்பீட்டு இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம். இரண்டும் கைக்கு வரும் வரை பரணில் இனி ஒரு தவணையும் கொடுக்க வேண்டாம். கூரையின் உட்புறத்தை மூடும் முன் வெப்பத்தடுப்பும் வயரிங்கும் முடிந்திருக்க வேண்டும். பெயின்ட், அலமாரி, அழகு விளக்கெல்லாம் பிறகு சம்பளத்திலிருந்து செய்துகொள்ளலாம்.

கடனுக்கு வருவோம். 9 சதவீதம் மலிவு, 13 சதவீதம் விலை அதிகம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,00,000 கடனை 13 சதவீதத்தில் 5 வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 2,275. மொத்த வட்டி சுமார் 36,500. அதே தொகையை 9 சதவீத டாப்-அப்பில் 15 வருடம் இழுத்தால் தவணை 1,014தான், ஆனால் வட்டி சுமார் 82,600 ஆகிவிடும். "மலிவான" கடன் இரண்டு மடங்குக்கு மேல் தின்கிறது. தவணை சின்னதாகத் தெரிவதால் இந்த வலி உறைக்காது. நான் சொல்வது, டாப்-அப்பையே வாங்குங்கள், 5 வருடத்துக்கு வாங்குங்கள். தவணை 2,076, வட்டி சுமார் 24,600. வங்கி 5 வருடம் தர மறுத்தால், அபராதமின்றி முன்கூட்டியே அடைக்கலாமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, நீங்களே 5 வருடக் கணக்கில் கட்டுங்கள். செயலாக்கக் கட்டணத்தையும் இதில் சேர்த்துப் பாருங்கள்.

கையில் வரும் வருமானத்தில் எல்லாத் தவணைகளும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டினால் பரண் காத்திருக்கட்டும். மாடி பாத்ரூமுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். கிரெடிட் கார்டில் டைல்ஸ் வாங்கி நிலுவை வைக்கவே வைக்காதீர்கள். மாதம் 3 சதவீத வட்டி, கூட்டுவட்டியாக ஏறினால் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகும். அந்த 6 மாதச் சேமிப்பைத் தொட வேண்டாம். வீடு உடைபட்டுக் கிடக்கும் சமயத்தில் வேலையோ உடம்போ காலை வாரினால் அதுதான் தாங்கிப் பிடிக்கும்.

உங்கள் மாமியார் விஷயத்தை மட்டும் கடனுக்காகவோ வரிசைக்காகவோ நிறுத்த வேண்டாம். கழிப்பறைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கு. இந்த மாதச் சம்பளத்திலேயே முடியும், இந்த வாரமே செய்யுங்கள். கம்பியை டைல்ஸின் மேல் ஒட்டாமல், சுவருக்குள் போல்ட் இறக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். அவர் முழு எடையையும் அதில்தான் போடுவார். அந்த பாத்ரூமை முழுதாகப் புதுப்பிப்பது, கடன் பாதி இறங்கிய பிறகு.

எங்கள் வீட்டு பாத்ரூமைச் செய்தபோது, வேலை பார்க்கப் பளபளவென்று இருந்ததால் கடைசித் தவணையை அன்றே கொடுத்துவிட்டேன். இரண்டே வாரத்தில் கீழ் அறையின் கூரையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை. கூப்பிட்டால் கான்ட்ராக்டர் வரவில்லை. மறுபடி உடைத்ததற்கு நான்தான் பணம் கொடுத்தேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது. ஒப்பந்தத்திலேயே கடைசி 10 சதவீதத்தைப் பிடித்து வைப்பதாக எழுதுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன், பூச்சின் மேல் தண்ணீர் நிறுத்தி ஒரு முறை, எல்லாம் முடிந்த பின் இன்னொரு முறை, 24 மணி நேரச் சோதனை நடக்க வேண்டும். ஒரு மாதம் புழங்கிப் பார்த்து, கீழே கூரை காய்ந்தே இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

இன்று இரவு மீட்டரைக் குறித்துவிடுங்கள். அந்தக் கணக்கும் கான்ட்ராக்டரின் பட்டியலும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், எவ்வளவு கடன் கேட்பது என்று சேர்ந்தே பார்ப்போம்.