சுக்கிரன் வீட்டுக் கூட்டம்

கேள்வி: சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 அரிசி வருமாமே! இந்த எண்ணுக்குக் கணிதத்தில் ஏதாவது சிறப்பு உண்டா? இது ராசியான எண்தானா?
- விருதுநகர் வாசகர்

பதில்: முதல் கேள்வியோடு நிறுத்தியிருக்கலாம். 'ராசி' என்று சொல்லி என் வாயைக் கிளறிவிட்டீர்கள்.

எண்கணித ஜோதிடரிடம் போனால் இந்த இருபது இலக்கங்களையும் கூட்டுவார். 87. எட்டும் ஏழும் 15. ஒன்றும் ஐந்தும் 6. சுக்கிரன்! நகைக்கடை வைக்கலாம், படம் எடுக்கலாம். அவர் செய்தது என்ன? 9-ஆல் வகுத்து மீதியைப் பார்த்தார். அவ்வளவுதான். 15-க்கும் அதே 6, 24-க்கும் அதே 6. உலகத்து எண்களில் ஒன்பதில் ஒன்று சுக்கிரன் வீட்டில்தான் குடியிருக்கிறது; அந்த நெரிசலில் யாருக்கு யோகம் வரும்? இதற்கு ஃபீஸ் வேறு. நம் பத்திரிகையிலேயே அவர்கள் விளம்பரம் வருகிறதே என்பீர்கள். வருகிறது. விளம்பரப் பிரிவுக்கும் எனக்கும் அதில்தான் பேச்சுவார்த்தை இல்லை. போன தீபாவளி மலரில் என் பதிலுக்குப் பக்கத்திலேயே அரைப் பக்கம் போட்டுப் பழிவாங்கினார்கள்.

நிஜமான சிறப்பு, அந்த எண்ணைக் கூட்டாமல் உடைத்துப் பார்த்தால் தெரியும். 3-இல் தொடங்குங்கள். ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் 5. அதையே திரும்பச் செய்தால் 17, பிறகு 257, 65537, 4294967297. இந்த ஆறையும் பெருக்குங்கள்: அரிசிக் கணக்கு அப்படியே, ஒரு மணி கூடாமல் குறையாமல் வந்து நிற்கும். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்கள்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். சாதாரண ஆளில்லை. ஆனால் 1732-இல் ஆய்லர் ஆறாவதைப் பிளந்துவிட்டார்: 641 பெருக்கல் 6700417. அதற்குப் பின்னால் வரும் எண்களில் ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை. முதல் ஐந்து மட்டும் தேறின. அதில் மூன்றாவதை வைத்துத்தான் காஸ் என்ற இன்னொரு கணித மேதை, 1796-இல், 18 வயதில், வெறும் அளவுகோலும் கவராயமும் கொண்டு பக்கங்களும் கோணங்களும் சமமான 17 பக்கப் பலகோணம் வரையலாம் என்று நிறுவினார். ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65537 பக்கத்துக்கு வழி கண்டுபிடிக்கப் பத்து வருஷம் உட்கார்ந்தார். அவருக்கு எந்தக் கிரகம் என்று எந்த ஜோதிடராவது சொன்னால் அரைப் பக்கம் இலவசம்.

அரிசிக்கு வருவோம். மணிக்கு 20 மில்லிகிராம் என்றாலும் 36,000 கோடி டன்னைத் தாண்டுகிறது. உலகம் முழுக்க இன்று விளையும் அரிசியை நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். கேரளத்து அம்பலப்புழைக் கோயில் கதையில் கிருஷ்ணன் இந்தப் பந்தயத்தில்தான் ராஜாவைக் கவிழ்க்கிறார். பிறகு இரக்கப்பட்டு, கடனைத் தினமும் பால்பாயசமாகத் தீர்க்கச் சொல்கிறார். பால், அரிசி, சர்க்கரை, தண்ணீர். ஏலக்காய்கூடக் கிடையாது. நம் கல்யாண மண்டபங்களில் முந்திரி, திராட்சை, குங்குமப்பூ எசென்ஸ் என்று கொட்டி, அதற்குள் பாயசத்தைத் தேட வைக்கிறார்களே, அந்தச் சமையல் காண்ட்ராக்டர்களை ஒரு வாரம் அங்கே அனுப்ப வேண்டும்.