எட்டே முக்கால் அடி இறக்கைக்கு எத்தனை பேட்டரி?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பெரிய ஆர்.சி. விமானங்களைப் பற்றியவை. (வண்டியின் ஆர்.சி. புக் அல்ல, ரேடியோ கண்ட்ரோல்.) எல்லோரும் சுற்றிச் சுற்றி பேட்டரியிலேயே வந்து நிற்பதால், மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இதுவரை நான் பறக்கவிட்டதெல்லாம் ஃபோம் விமானங்கள்தான். இப்போது பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் கால் பங்கு அளவு மாடலை 30 சிசி பெட்ரோல் எஞ்சினோடு வாங்கியிருக்கிறேன். ரிசீவருக்கு (விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் பெட்டி) ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச் போதும் என்கிறார் கடைக்காரர். மைதானத்தில் இருக்கும் மூத்தவர் ஒருவரோ எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் போடச் சொல்கிறார். கூடவே 16 சேனல் டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்) வாங்கவும் ஆசை. பட்ஜெட் இடிக்கிறது. எதில் குறைக்கலாம்?

பதில்: டிரான்ஸ்மிட்டரில் குறையுங்கள்.

ஒரு வேலைக்கு ஒரு சேனல் என்று வைத்து, உங்கள் கப்புக்கு என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்ப்போம். விமானத்தைச் சாய்க்கும் ஏலரானுக்கு இரண்டு சர்வோ (அசைத்துக் கொடுக்கும் சின்ன மோட்டார்), மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டருக்கு இரண்டு, இடவலம் திருப்பும் ரடருக்கு ஒன்று, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு ஒன்று. எஞ்சினைத் தூரத்திலிருந்தே அணைக்கும் கில் சுவிட்சுக்கு ஒரு சேனல். மொத்தம் ஏழு. அசல் ஜே-3யில் ஃப்ளாப் கிடையாது, அதனால் அந்தச் செலவும் இல்லை. நல்ல 8 சேனல் செட் தாராளம். மிச்சப் பணத்தை பேட்டரி, சுவிட்ச், வயர் மூன்றிலும் போடுங்கள். பெரிய விமானங்கள் விழுவதை நான் பார்த்த வரையில், ரேடியோ சிக்னல் போய் விழுந்தவை குறைவு. பேட்டரியிலிருந்து சர்வோ வரைக்கும் மின்சாரம் போகும் வழியில் எங்கோ அறுந்து விழுந்தவைதான் அதிகம்.

ஃபோம் விமானத்திலிருந்து வருபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அதில் மோட்டார் பேட்டரியே ரிசீவருக்கும் கரண்ட் கொடுக்கிறது. சார்ஜ் குறைந்தால் முதலில் மோட்டார்தான் நிற்கும். சர்வோக்கள் இன்னும் சில நிமிடம் வேலை செய்யும், நிதானமாக இறக்கிவிடலாம். பெட்ரோல் விமானத்தில் இது தலைகீழ். பேட்டரி நின்றாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். எட்டே முக்கால் அடி இறக்கை, ஏழு கிலோ பக்கம் எடை, முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லர், கட்டுப்படுத்த யாரும் இல்லை. ஒரு பேட்டரி போதும் என்ற கடைக்காரர் அன்று மைதானத்தில் இருக்கமாட்டார்.

பேட்டரி முழுசாகத் தீர வேண்டும் என்றுகூட இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவருக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பெரும்பாலானவை 3.5 வோல்ட் பக்கம் இறங்கினால் அணைந்து, மறுபடி முதலிலிருந்து உயிர்பெற்று வரும். அந்த இடைவெளியில் விமானம் உங்கள் கையில் இல்லை. எப்போது அவ்வளவு இறங்கும்? எல்லா சர்வோவும் ஒரே நேரத்தில் முக்கும்போது. ஒரு டிஜிட்டல் சர்வோ அசையாமல் முக்கினால் இரண்டரை ஆம்பியர் இழுப்பது சாதாரணம். நான்கு சர்வோ சேர்ந்தால் 10 ஆம்பியர். பேட்டரி தாங்கினாலும், வழியில் இருக்கும் சன்னமான சர்வோ வயரும் கனெக்டரின் ஊசி முனைகளும் சுவிட்சின் உள்தகடும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

ஆகவே மூத்தவர் சொன்னதுதான் சரி. ஒரே ரகம், ஒரே அளவு, ஒரே வயது கொண்ட இரண்டு பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். ஒவ்வொன்றிலிருந்தும் ரிசீவருக்குத் தனி வயர். ஒன்றை பேட்டரி சாக்கெட்டிலும் இன்னொன்றைக் காலியாக இருக்கும் ஏதாவது ஒரு சேனல் சாக்கெட்டிலும் செருகலாம். பெரும்பாலான ரிசீவர்களில் உள்ளே எல்லாம் ஒரே இணைப்புதான். இரண்டையும் கடைசியில் ஒரே சுவிட்ச் வழியாகக் கொண்டுவந்தால் இரண்டு வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

சுவிட்ச் விஷயத்தில் நான் பட்டுத் திருந்தியவன். இருந்ததிலேயே மலிவான தள்ளு சுவிட்ச் ஒன்றை, எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, புகை படும் பக்கமாகப் பொருத்தினேன். ஒரு சீசன் ஓடியது. அடுத்த சீசனின் மூன்றாவது பறப்பில் விமானம் திரும்பாமல் நேராகப் போய் வேலிகாத்தான் புதரில் இறங்கியது. பிரித்துப் பார்த்தால் சுவிட்ச் உள்ளே எண்ணெயும் கரியும். கடையைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

கொஞ்சம் பணம் கூடப் போட முடிந்தால் எலக்ட்ரானிக் சுவிட்ச் வாங்குங்கள். ‘கெட்டுப்போனால் ஆன் நிலையிலேயே நிற்கும்’ என்று அதன் குறிப்பில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பேட்டரியில் நிக்கல், லைஃப், லைப்போ, லித்தியம் அயன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: முதலில் சர்வோவின் குறிப்புத் தாளைப் பாருங்கள், அப்புறம் பேட்டரி. 6 வோல்ட் வரை மட்டும் என்று போட்டிருக்கும் சர்வோவுக்கு, முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும் இரண்டு செல் லைப்போவை (லித்தியம் பாலிமர்) நேரடியாகக் கொடுத்தால் சுட்டுவிடும். நடுவில் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் வைக்கலாம். ஆனால் அது கெட்டுப்போக இன்னொரு பொருள். ‘எச்.வி.’ (ஹை வோல்டேஜ்) என்று குறித்த சர்வோக்கள் 7.4 அல்லது 8.4 வோல்ட் வரை தாங்கும். எது என்று தாளிலேயே இருக்கும்.

என் தேர்வு லைஃப், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இரண்டு செல் சேர்ந்தால் 6.6 வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்ததும் 7.2 காட்டும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும். பல சர்வோக்களுக்கு ரெகுலேட்டர் இல்லாமலே ஒத்துப்போகும் (6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லும் சர்வோவைத் தவிர). பெரிய கரண்ட் இழுத்தாலும் அசையாது. லைப்போ அளவுக்குத் தீப்பிடிக்கும் பயமும் இல்லை. உங்கள் கப்புக்கு 2000 முதல் 2500 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) வரை இரண்டு வாங்கினால் போதும். 2500 பேக் ஒன்று 160 கிராம் பக்கம் வரும்.

அதற்கும் ஒரு குறை உண்டு. வோல்ட்டைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி காட்டிவிட்டு, பிறகு பொத்தென்று விழும். அதனால் கணக்குப் போட்டுத்தான் பறக்க வேண்டும். இரண்டு முறை பறந்த பிறகு சார்ஜரில் போடுங்கள். எத்தனை எம்ஏஎச் ஏறுகிறது என்று சார்ஜரே காட்டும். இரண்டிலும் சேர்த்து 400 ஏறினால் ஒரு பறப்புக்கு 200. ஒரு பேட்டரி செத்தாலும் மற்றது ஒன்றே தாங்க வேண்டும் என்பதால், ஒரே ஒரு பேட்டரியின் அளவில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் நிறுத்திக்கொள்வது என் வழக்கம். 2500இல் 1500, ஏழு பறப்பு. அதற்குள் நமக்கே வெயில் தாங்காது.

உங்கள் சார்ஜரில் லைஃப் என்று தனி மோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். லைஃப் செல்லை 3.6 வோல்ட்டில் நிறுத்த வேண்டும். லைப்போ மோடில் போட்டால் 4.2 வரை ஏற்றிவிடும், பேட்டரி பாழ்.

லைப்போவை ரிசீவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பறக்காத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், வண்டி டிக்கியில் சித்திரை வெயிலில் விட்டால் உப்பிவிடும். நிக்கல் ரகம் மோசமில்லை, ஆனால் பெரிய டிஜிட்டல் சர்வோக்களுக்கு சாதாரண ஏ.ஏ. செல் கோத்த பேக் மூச்சுவாங்கும். லித்தியம் அயன் நல்லதுதான், உண்மையான செல் கிடைத்தால். அதற்கு அடுத்த கேள்வி.

கேள்வி: ஆன்லைனில் 9900 எம்ஏஎச் என்று போட்ட 18650 ரக லித்தியம் அயன் செல்கள் மலிவாகக் கிடைத்தன, நான்கு வாங்கினேன். சார்ஜரில் போட்டால் 1000கூட ஏறவில்லை. செல் போச்சா, சார்ஜர் போச்சா?

பதில்: இரண்டும் இல்லை, உங்கள் பணம்தான் போச்சு. அந்த அளவு உருளைக்குள் சாதாரணமாக அடைப்பது 3500, 3600 எம்ஏஎச் அளவுதான், மிஞ்சிப்போனால் 4000. அதற்கு மேல் எந்த எண் போட்டிருந்தாலும் அது வெறும் ஸ்டிக்கர். நகைக்கடைத் தராசு வேண்டாம், சமையலறைத் தராசே போதும்: நல்ல 18650 செல் 45 கிராமுக்கு மேல் நிற்கும். அதைவிட ரொம்பக் குறைந்தால் உள்ளே சரக்கு இல்லை. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லுக்குப் புதுச் சட்டை போட்டு விற்பதும் உண்டு. எடை சரியாக இருக்கும், ஆயுள் இருக்காது. இந்த நான்கையும் டார்ச் லைட்டுக்குக்கூடப் போடாதீர்கள். விமானத்துக்கு, வெல்ட் செய்த தகடும் தடித்த வயரும் உள்ள ரெடிமேட் பேக்காகவே வாங்குங்கள்.

பணத்தை விட்டுவிடாதீர்கள். விற்பனைப் பக்கத்தில் 9900 என்று போட்டிருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், சார்ஜர் காட்டும் எண்ணைப் படம் எடுங்கள், தராசில் வைத்து இன்னொரு படம். இவற்றோடு தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது’ என்பார்கள். மனம் மாறித் திருப்பித் தருவதற்குத்தான் அந்தத் தேதி. பொய் எண் போட்டு விற்றதற்கு அது பதில் ஆகாது.

கேள்வி: எல்லாம் வாங்கியாயிற்று. எதை எங்கே வைப்பது? மேனுவலில் படம் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: எதையும் ஒட்டாதீர்கள். முதலில் எஞ்சின், ப்ரொப்பெல்லர், சக்கரம், வால் எல்லாம் மாட்டி, டேங்க் காலியாக வைத்து, மேனுவல் சொல்லும் இடத்தில் விமானத்தைத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் பேட்டரிகளை முன்னும் பின்னும் நகர்த்தி சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். சும்மா ஈயம் சுமப்பதற்குப் பதில் பேட்டரியே அந்த வேலையைச் செய்யட்டும். இடம் முடிவானதும் அடியில் ஃபோம், மேலே வெல்க்ரோ பட்டை இரண்டு. முரட்டு லேண்டிங்கில் பேட்டரி செங்கல் மாதிரி முன்னால் பாயும். அந்தப் பாதையில் ரிசீவர் இருக்கக் கூடாது.

இக்னிஷனை (எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி) தனிக் குடித்தனம் வையுங்கள். அதற்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச், எல்லாம் எஞ்சின் பக்கம். ரிசீவரும் அதன் வயர்களும் குறைந்தது ஒரு அடி தள்ளி. த்ராட்டிலுக்குப் போகும் கம்பி உலோகமாக இருந்தால் எஞ்சினின் மின் இரைச்சலை நேராக உள்ளே கொண்டுவரும், நைலான் குச்சி போடுங்கள். கில் சுவிட்ச் ஒளி வழியாக இயங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். அதில் ரிசீவருக்கும் இக்னிஷனுக்கும் இடையே மின் தொடர்பே இருக்காது.

ரிசீவரை ஃபோமில் சுற்றுங்கள், இறுக்கிக் கட்டினால் ஃபோம் வைத்த பலன் போய்விடும். ஆன்டெனா இரண்டின் நுனிகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, வளையாமல், கார்பன் குழாயிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். கடைசியில் உறையில்லாமல் தெரியும் 31 மில்லிமீட்டர்தான் உண்மையான ஆன்டெனா. அதை வெட்டவோ மடிக்கவோ கூடாது.

இறக்கைக்குப் போகும் நீள எக்ஸ்டென்ஷன்களை 22 கேஜ் தடிமனில் வாங்குங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் பூட்டுக் கிளிப் போடுங்கள். கிளிப் இல்லையென்றால் தையல் நூலால் கட்டினாலும் சரி. ப்ளைவுட் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் எஞ்சின் அதிர்விலேயே வயர் அறுபடும்.

பறக்கும் முன் இரண்டு சோதனை. காலியான சாக்கெட்டில் வோல்ட் மீட்டரைச் செருகி, ஒரு பேட்டரியை மட்டும் ஆன் செய்து, எல்லா ஸ்டிக்கையும் வேகமாக ஆட்டுங்கள். பிறகு மற்றதை மட்டும். 6.6 வோல்ட் பேட்டரி 5.5க்குக் கீழே தடுமாறினால் வழியில் எங்கோ அடைப்பு, தேடுங்கள். அடுத்து ரேஞ்ச் செக்: டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தி மோடில் வைத்து முப்பது தப்படி நடங்கள், முதலில் எஞ்சின் அணைந்திருக்கும்போது, பிறகு ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள எஞ்சின் ஓடும்போது. முதலில் சரியாக இருந்து எஞ்சின் ஓடும்போது மட்டும் சர்வோ நடுங்கினால் குற்றவாளி இக்னிஷன். சிக்னல் போனால் த்ராட்டில் மூடிக்கொள்ளும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறீர்களா? எஞ்சினை அணைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரையும் அணைத்து, கார்புரேட்டர் கை எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

கேள்வி: துபாயிலிருந்து மச்சான் வருகிறார். பேட்டரி, டிரான்ஸ்மிட்டர், எஞ்சின் மூன்றும் வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: பேட்டரி சரி. லித்தியம் பேட்டரி தனியாக வந்தால் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. நீங்கள் கேட்கும் 6.6 வோல்ட், 2500 எம்ஏஎச் பேக் 16.5தான். அந்த எண் பேக்கின் மேலேயே அச்சாகி இருக்கட்டும், கனெக்டர் முனையில் டேப் சுற்றட்டும். எஞ்சின் என்றால் பெட்டி பிரிக்காத புதுசு மட்டும். ஒருமுறை ஓட்டியதில் பெட்ரோல் வாடை வந்தாலே எடுத்து வைத்துவிடுவார்கள். அதற்கும் ஏர்லைனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்மிட்டரை மட்டும் இங்கேயே பில்லோடு வாங்குங்கள். இங்கே விற்கும் ரேடியோ கருவிக்கு, மத்திய அரசின் ரேடியோ அலைவரிசைப் பிரிவான டபிள்யூ.பி.சி.யின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். பழுதானால் எடுத்துப் போக ஒரு கடையும் இருக்கும். மச்சான் அடுத்த லீவுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.