பாதுகாப்பு மரபியலுக்குள் வர எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

முதுநிலை உயிரியல் முடித்துவிட்டேன், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் மரபியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை, நல்ல மென்பொருள் பயிற்சி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இதுவரை களத்தில் மாதிரி எடுத்ததில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எடுத்திருந்தால் முதல் கேள்வி மென்பொருளைப் பற்றி இருந்திருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. பயிற்சி என்ற பெயரில் இன்று நடப்பவை பலவும் தயார் நிலையில் ஒரு தரவுக் கோப்பைக் கொடுத்து, பொத்தானை அழுத்தச் சொல்வதோடு முடிந்துவிடுகின்றன.

பல வருடங்களாக இந்தத் துறையில் ஆட்களைப் பழக்குகிறேன். ஒரு பயிற்சியில் காட்டுப் பூனை இனம் ஒன்றின் எச்சத்திலிருந்து, அதாவது மலத்திலிருந்து பிரித்த டிஎன்ஏ தரவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாயிடமிருந்து ஒரு வடிவம், தந்தையிடமிருந்து வேறொரு வடிவம் என்று இரண்டும் தெரிய வேண்டிய இடங்களில் பெரும்பாலும் ஒரே வடிவம்தான் தெரிந்தது. வகுப்பே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: சின்னக் கூட்டம், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடக்கிறது. புள்ளியியலில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் தலையாட்டினார்கள். களப்பணியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும் மாதிரி எண்களை ஒவ்வொன்றாகத் தன் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தாள். பென்சிலில் எழுதிய குறிப்பேடு. எத்தனால் பட்டால் பேனா மை ஓடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். “மேடம், இதெல்லாம் ஓடைப் பக்கம் எடுத்தது. மழையில் ஊறி வெளுத்துப் போய்க் கிடந்தது” என்றாள்.

விஷயம் அதுதான். மழையில் ஊறிய எச்சத்தில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். அதை பிசிஆரில், அதாவது டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் ஆய்வக முறையில் பெருக்கும்போது இரண்டு வடிவங்களில் ஒன்று பெருகாமல் விடுபட்டுப் போகலாம். கணினிக்கு அந்த விலங்கு உள்ளுறவில் பிறந்ததாகத்தான் தெரியும். இதற்காகத்தான் ஒரே மாதிரியைத் தனித்தனிக் குழாய்களில் பலமுறை பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் தபெர்லே குழுவினர் 1996லேயே எழுதினார்கள். நாங்களும் அப்படிச் செய்தோம். காணாமல் போயிருந்த இரண்டாவது வடிவம் பல மாதிரிகளில் வந்து நின்றது. அன்று அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

உடனே ‘இவருக்குக் கணினி என்றால் ஆகாது’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். கணக்கு இல்லாமல் இந்தத் துறையே இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா பாந்தர்கள் (இவையும் பூமா என்ற பெரிய பூனை இனம்தான்) இருபது, முப்பதாகக் குறைந்து, வளைந்த வால், இதயக் கோளாறு என்று பிறந்துகொண்டிருந்தபோது, 1995ல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கோளாறுகள் குறைந்தன, எண்ணிக்கையும் ஏறியது. மரபியல் ஆய்வு இல்லாமல் அந்தத் துணிச்சல் வந்திருக்காது. ஆனால் மத்திய ஐரோப்பாவின் தாத்ரா மலையில் நடந்ததையும் படியுங்கள். அங்கே ஆல்ப்ஸ் ஐபெக்ஸ் என்ற மலைக் காட்டாடுகளோடு வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த வேறு ஐபெக்ஸ் ஆடுகளையும் கலந்தார்கள். கலப்பில் பிறந்தவை பருவம் தப்பி முன்கூட்டியே இணைசேர்ந்து, கடுங்குளிரில் குட்டி போட்டன. அந்தக் கூட்டமே அழிந்தது. எந்த விலங்கு எப்போது குட்டி போடும் என்பது மரபணு அட்டவணையில் இருக்காது, அந்த விலங்கோடு அலைந்தவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. சொல்லாமல் இருக்க முடியவில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் மாதிரி எடுத்தவர்களின் பெயர் கட்டுரையில் எங்கே வருகிறது? கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில், அதுவும் ‘களப் பணியாளர்கள்’ என்று மொத்தமாக. நான் பழக்கிய ஒருவர் சேகரித்த மாதிரிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வகம் கட்டுரை வெளியிட்டது. அவர் பெயரே இல்லை. கேட்டதற்கு, ‘அறிவுசார் பங்களிப்பு இல்லை’ என்று பதில் வந்தது. எந்த எச்சம் புதிது, எது பழையது, எதை எடுக்கவே கூடாது என்று முடிவெடுப்பது அறிவு இல்லாமல் வேறென்ன? மரபு வளங்களின் பயனைப் பகிர்வதற்கு 2010ல் நகோயா உடன்படிக்கையே போட்டார்கள். அது நாடுகளுக்கு இடையிலானது, தெரியும். ஆனால் ஒரே குழுவுக்குள் பெயரைக்கூடப் பகிர மனம் வராதவர்களை என்ன செய்வது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘ஆர்’ நிரல்மொழியில் தொடங்குங்கள், அது எங்கும் உதவும். கூடவே மக்கள்தொகை மரபியலின் அடிப்படைக் கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள். மென்பொருள் தப்பான விடை தரும்போது உறைக்கும். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் முன், மாதிரி எடுக்க எங்களையும் கூட்டிப் போவீர்களா, பிசிஆர் தோற்றுப்போன மாதிரிகளின் தரவையும் காட்டுவீர்களா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.