மகனுக்குத் தசைச்சிதைவு: சொந்தத்தில் மணம் முடித்ததுதான் காரணமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். என் தாய்மாமனையே மணந்துகொண்டேன். எட்டு வயது மகன் இரண்டு ஆண்டுகளாக அடிக்கடி கீழே விழுகிறான். இரத்தத்தில் சிபிகே என்ற தசை நொதி 14,000க்கு மேல் இருக்கிறது, தசைச்சிதைவு நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இந்த நோய் நம் நாட்டில் எத்தனை பேருக்கு வருகிறது? சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்ததா? ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: தசைச்சிதைவு என்பது ஒரே நோயின் பெயர் அன்று. வெவ்வேறு மரபணுக்களில் ஏற்படும் பழுதுகளால் வரும் பல நோய்களுக்கு அது பொதுப்பெயர். அவற்றில் எது உங்கள் மகனுக்கு வந்திருக்கிறது என்று உறுதியாகும் வரை, நீங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் முழுமையான விடை கிடைக்காது.

சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்படுவது டுஷென் வகை. உங்கள் மகன் தரையிலிருந்து எழுவதை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். முதலில் கைகளை ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மீதே கைகளால் ஏறுவதுபோல எழுந்தால் அது இந்த நோயின் முக்கியமான அடையாளம். ஆற்றுப் படித்துறையில் மற்றப் பிள்ளைகள் ஓடி ஏறும்போது இவன் மட்டும் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவான். கெண்டைக்கால் பருத்திருப்பதால் 'நல்ல உரமான கால்' என்று பெரியவர்கள் மெச்சுவதும் உண்டு. உண்மையில் அங்கே தசை அழிந்து, கொழுப்பும் நாரும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கப்படும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்னும் நொதிகள் தசையிலும் இருப்பதால், தசை சிதையும்போது அவையும் இரத்தத்தில் உயர்கின்றன. அந்த அளவை மட்டும் பார்த்துக் காமாலை என்று முடிவு செய்து, மாதக்கணக்கில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் காலம் வீணாகும்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். வேல்ஸ் நாட்டில் 1990 முதல் 2011 வரை, பிறந்த ஆண் குழந்தைகளின் இரத்தத்தைப் பெற்றோர் சம்மதத்துடன் சோதித்தபோது, ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு டுஷென் இருப்பது தெரிந்தது. 3,500 பேரில் ஒருவர் என்பது பழைய பாடநூல்கள் சொல்லும் கணக்கு. இந்தியாவில் பிறந்த குழந்தைகள் அனைவரையும் இந்த நோய்க்காகச் சோதிக்கும் வழக்கம் இல்லை என்பதால், நம் நாட்டுக்கான எண் தலையெண்ணிப் பெற்றதன்று, பிறப்பு விகிதத்திலிருந்து பெருக்கிப் பெறுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண் குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால், 5,000இல் ஒன்று என்ற கணக்கில் 2,400 குழந்தைகள் டுஷென் நோயுடன் பிறக்கிறார்கள். தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களும், அன்று மயிலாடுதுறையையும் உள்ளடக்கியிருந்த நாகை மாவட்டமும் சேர்ந்து 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 53 லட்சம் மக்கள்தொகை கொண்டவை. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குப் பதினான்கு பிறப்பு என்று கொண்டால், இந்தப் பகுதியில் மட்டும் ஆண்டுதோறும் ஏழெட்டுச் சிறுவர்கள் சேர்கிறார்கள். உங்கள் ஊரில் இவன் ஒருவனே என்று தோன்றினாலும், டெல்டாவில் இதே வழியில் நடக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன.

எத்தனை பேர் பிறக்கிறார்கள் என்பதும் எத்தனை பேர் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் வேறுவேறு. ஸ்டீராய்டு மருந்து, இதயக் கண்காணிப்பு, இரவில் மூச்சுக்கு உதவும் கருவி ஆகியவை ஒழுங்காகக் கிடைக்கும் நாடுகளில் டுஷென் நோயாளிகள் பலர் முப்பது வயதை எட்டுகிறார்கள்; கிடைக்காத இடங்களில் இருபது வயதுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு நாட்டில் இந்த நோயாளிகள் அதிகமாக இருப்பதாகத் தெரிந்தால், அங்கே நோய் மிகுதி என்று மட்டும் பொருளாகாது, பராமரிப்பு நன்றாக இருக்கிறது என்றும் பொருளாகலாம்.

சொந்தத் திருமணம் பற்றிய உங்கள் கேள்வியில் குற்ற உணர்வு தெரிகிறது. அதை முதலில் நீக்க விரும்புகிறேன். டுஷெனுக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்குத் தந்தையிடமிருந்து ஒய் குரோமோசோம்தான் வருகிறது, எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. எனவே நோய் டுஷெனாக இருந்தால், நீங்கள் யாரை மணந்திருந்தாலும் இந்த விளைவு மாறியிருக்காது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சிறுவர்களுக்கு இந்தப் பழுது தாயிடம்கூட இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது.

ஆனால் இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில வகைகள், சிபிகே அளவிலும் நடையிலும் டுஷென் போலவே தோற்றமளிக்கும். அவற்றில் பெரும்பாலானவை, ஒரே மரபணுவின் பழுதான நகலைத் தாய், தந்தை இருவரும் சுமக்கும்போது வருபவை. தாய்மாமனும் அவருடைய சகோதரியின் மகளும் மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கைப் பொதுவாகப் பெற்றிருப்பதால், அங்கே உறவுமுறைத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது என்பதால், வெளிநாட்டு விகிதங்களை அப்படியே இங்கே பொருத்துவது சரியாகாது. இவ்வகையானால் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, உங்கள் மகளுக்கும்தான்.

இந்தக் காரணத்தால்தான் மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, முதலில் எம்எல்பிஏ என்ற இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டுஷென் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் உள்ள பழுது அதிலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மரபணுவை முழுமையாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். மகனின் பழுது உறுதியான பிறகு அதே பழுது உங்களிடம் உள்ளதா என்று சோதிப்பார்கள். இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு நோய். ஒவ்வொரு மகளுக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு அந்த மரபணுவைச் சுமப்பது. உங்கள் இரத்தத்தில் இல்லையென்றாலும் சில கருமுட்டைகளில் மட்டும் பழுது இருக்கக்கூடும் என்பதால் வாய்ப்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் பதினோராவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். பதிவு பெற்ற மையங்களில் மரபணு நோய்க்காக இதைச் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. பழுதின் பெயர் தெரிந்திருந்தால்தான் அந்தச் சோதனையால் பயன் உண்டு. ஆகவே இந்த விடை வரும் வரை கர்ப்பத்தைத் தள்ளிவையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவும் இடம்பெற்றிருப்பதால், மகனுக்கு அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

உங்கள் குடும்பத்தில் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் மாமியாரே உங்கள் தாயைப் பெற்றவரும் ஆவார் என்பதால், தாய்வழி வரலாறு முழுவதையும் சொல்லக்கூடியவர் உங்களுக்கு மிக அருகிலேயே இருப்பார். அவருடைய உடன்பிறந்த ஆண்களிலோ, பெற்ற மகன்களிலோ, சகோதரிகளின் மகன்களிலோ யாராவது சிறுவயதில் நடை தளர்ந்து படுக்கையாகி இறந்தார்களா என்று பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் கணவர் நலமாக இருப்பது மட்டும் போதிய ஆதாரம் ஆகாது. பழுதான மரபணுவைச் சுமக்கும் தாயின் மகன்களில் பாதிப்பேர் நலமாகவே பிறக்கிறார்கள். மரபணு ஆலோசனைக்குப் போகும் நாளில் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.