பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒட்ட ஃபெவிக்விக் போதாதா?

கேள்வி: 9 வயது மகனுக்கு ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் மாடல் விமானம் (அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு) வாங்கியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் ஃபெவிக்விக் போதுமா, தனிப் பசை வாங்க வேண்டுமா? அந்த வாடை பையனுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்:

ஃபெவிக்விக் ஒட்டும். ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள்.

பெட்டியில் இருக்கும் சாம்பல் நிறத் துண்டுகள் எல்லாம் பாலிஸ்டைரீன். அதற்கென்று விற்கிற 'சிமென்ட்' அடிப்படையில் ஒரு கரைப்பான். இரண்டு விளிம்பையும் இளக்கிக் கலக்கவிட்டு அது ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட்டோ நடுவில் தனி அடுக்காக இறுகும், கொஞ்சமும் வளையாது. சக்கரக் கால் மேசையில் ஒருமுறை இடித்தால் போதும், 'டக்'கென்று விட்டுவிடும். திருத்த நேரமும் தராது. இறக்கை இரண்டும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று மூக்குப் பக்கத்திலிருந்து பார்த்துச் சரிசெய்ய உங்களுக்குச் சில நிமிடமாவது வேண்டுமே.

நான் சொல்வது டாமியா எக்ஸ்ட்ரா தின் என்ற சிமென்ட். பச்சை மூடி, 40 மில்லி, மூடியிலேயே பிரஷ். உள்ளே இருப்பது பெரும்பாலும் அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும். இதைத் தடவிவிட்டு ஒட்டக்கூடாது. முதலில் துண்டுகளைச் சேர்த்துப் பிடியுங்கள். பிரஷ் நுனியால் இணைப்புக் கோட்டைத் தொடுங்கள். திரவம் தானாகவே கோடு நெடுக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு லேசாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். அதைத் துடைக்காதீர்கள், ஒரு நாள் விட்டு உப்புத்தாளால் தேய்த்தால் இணைப்பே மறைந்துவிடும். விரல் மட்டும் கோட்டின் மேல் இருக்கக் கூடாது: திரவம் விரலுக்கடியில் புகுந்து ரேகையை விமானத்தில் பதித்துவிடும். ஒட்டுமிடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள்.

விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடிக்கு இதுவும் வேண்டாம், ஃபெவிக்விக்கும் வேண்டாம். முன்னது வழிந்தால் தடம் விழும். பின்னதன் ஆவி உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலைப் பல்குச்சியில் தொட்டு வைத்தால் போதும். வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

ஃபெவிக்விக்குக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. பித்தளைத் தகடு, ரெசின் துண்டு போன்றவற்றில் சிமென்ட் பிடிக்காது, அங்கே அதுதான். டியூபிலிருந்து நேராக விடாமல், ஒரு சொட்டைப் பழைய மூடியில் விட்டு ஊசியால் எடுங்கள். வழிந்ததைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கவே கூடாது. பருத்தியில் பட்டால் அது வேகமாக இறுகி, தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும், புகையும் வரும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரிக்க முயலாமல், வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள்.

இனி வாடை. சிமென்ட் ஆவி காற்றைவிடக் கனம், மேசை மட்டத்திலேயே தங்கும். குனிந்து ஒட்டுகிற பையனின் மூக்கும் அங்கேதான் இருக்கும். ஜன்னலைத் திறந்து, காற்று அவன் முகத்தைத் தாண்டி வெளியே போகிற மாதிரி ஃபேனை வையுங்கள். என்95 மாஸ்க் தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது. அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கக் கூடியது. அதனால் கொசுவர்த்தி, சாமி விளக்கு, அடுப்பு எதுவும் அந்த அறையில் வேண்டாம். பாட்டில் எளிதில் சாயும், அடியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி ஒரு கனமான தட்டில் நிறுத்துங்கள்.

அக்ரிலிக் பெயர்ப்பலகைக் கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவார்கள். மலிவு, பாலிஸ்டைரீனையும் பிரமாதமாக ஒட்டும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், அது ஈரலைக் கெடுக்கிற சரக்கு. சில வெளிநாட்டுப் பசைகளில் இருக்கும் டைகுளோரோமீத்தேனும் அதன் பங்காளிதான்; உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும்.

பழைய டியூப் பசைகளில் டோலுயீன் என்ற கரைப்பான் இருந்தது. 1960களில் அமெரிக்கப் பையன்கள் அதைப் போதைக்காக முகர ஆரம்பித்ததால் டெஸ்டர்ஸ் நிறுவனம் பசையில் கடுகெண்ணெய்க் காரத்தையே கலந்தது, மூக்கு எரியட்டும் என்று! இன்று அவ்வளவு பயம் தேவையில்லை. லிமோனீன் சிமென்ட் என்று ஒன்று கிடைக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் வாசனை, கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கும், பையன் கையில் கொடுக்க எனக்கு அதுதான் பிடிக்கும். அதுவும் தீப்பிடிக்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். எனவே நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

பசையே வேண்டாம் என்று தோன்றினால், ஏர்ஃபிக்ஸின் குவிக் பில்ட் வரிசையிலும் ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. எல்லாம் அழுத்திப் பொருத்துவதுதான். இந்தப் பெட்டியை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம்.