'ஆட்' (odd), 'ஸ்ட்ரேஞ்ச்' (strange): இரண்டும் ஒன்றுதானா?

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் 'விசித்திரம்' என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். ஆனால் 'ஆட்' என்பது வரிசையில் சேராமல் துருத்திக்கொண்டு நிற்பது. 'ஸ்ட்ரேஞ்ச்' என்பது முன்பின் அறியாதது.

காரணம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. 'ஆட்', வட ஐரோப்பாவில் முற்காலத்தில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலச்சொல் முக்கோணத்தைக் குறித்தது. அதிலிருந்து, ஜோடி போக மிஞ்சும் மூன்றாவதையும் குறித்தது. பள்ளியில் படித்த 'ஆட் நம்பர்', அதாவது ஒற்றைப்படை எண், இதே சொல்தான். எனக்கு இது மிகவும் பிடித்த சொல்வரலாறு! 'ஸ்ட்ரேஞ்ச்', 'வெளியே உள்ள' என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அந்நியரை 'ஸ்ட்ரேஞ்சர்' என்பதும் அதனால்தான்.

துணி மடிக்கும்போது ஜோடி இல்லாமல் ஒரு காலுறை மிஞ்சினால் அது 'ஆட்'. உங்களுடையதுதான், ஆனால் இணை இல்லை. யாருடையது, எப்படி வந்தது என்றே தெரியாத காலுறை ஒன்று அங்கே கிடந்தால் அது 'ஸ்ட்ரேஞ்ச்'.

பேச்சில் இரண்டும் பல இடங்களில் இடம் மாறி வருவதுண்டு.

'ஸ்ட்ரேஞ்ச்' என்றாலே ஏதோ கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். புதிய ஊரைப் பற்றி அப்படிச் சொன்னால், சொல்பவருக்கு அந்த ஊர் பழக்கமில்லை என்று மட்டும்கூடப் பொருள் இருக்கலாம்.